செத்தவருக்கு வேர்க்குமா?

"கைய எடுங்க அண்ணி! அவருக்கு மூச்சிருக்கு!"

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில் பாக்கியலெட்சுமி கத்தினாள். யார் கேட்டார்கள்? சனிக்கிழமை விரதமென்று பட்டினி கிடந்த அவள் புருஷன் இராமையா, நீரிழிவுக்கான சீனி வருத்தக் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு வாசலில் சரிந்து விழுந்தார். அவருடைய அக்கா ரெங்கம்மா தம்பியின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, "போயிட்டான்!" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"வேர்த்துக் கொட்டுது பாருங்க. செத்தவருக்கு வேர்க்குமா?"

"எமன நேர்ல பாத்தா வேர்க்காதாடி?"

இதற்கு எந்த மருத்துவப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

போன மாதம் பதுளையில் ஒரு கடை முதலாளி சாப்பிட்டுக்கொண்டே சாய்ந்தபோது, 'புண்ணியச் சாவு' என்று மெச்சியவை இதே வாய்கள்தாம். லயத்தில் விழுந்தால் மட்டும் துர்மரணமாம், பெண்டாட்டி ராசியாம்! தாலி அறுக்க வழக்கப்படி நாள் இருக்கிறது. துர்மரணத்துக்கு நாள் பார்க்கக் கூடாதென்று ரெங்கம்மா தானே ஒரு சாஸ்திரம் பண்ணிக்கொண்டாள். பொட்டை அழித்தாள், வளையலை நொறுக்கினாள், தாலியை அறுத்தே விட்டாள்.

பாக்கியலெட்சுமிக்கு அழ நேரமில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு மருந்துச் சாலைக்கு ஓடி, டாக்டர் பஸீலைக் கையோடு கூட்டி வந்தாள்.

அவர் இராமையாவின் சட்டையைத் திறந்து நெஞ்சில் குழாயை வைத்தார். "மௌத்தும் இல்ல, சாவும் இல்ல. சீனி எறங்கிருச்சு," என்று குளுக்கோஸ் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"என்னா கூட்டம்? வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டு இன்னைக்கு நம்ம வாசல்லயா?"

"எமதூதன் ஆள் மாறித் தூக்கிட்டான், திருப்பிக் குடுத்துட்டான்!" ரெங்கம்மா தம்பிக்குக் கற்பூரம் சுற்றினாள். தேத்தண்ணியோடு வந்த பாக்கியலெட்சுமியை மறித்தாள். "நில்லுடி! தாலி இல்லாதவ எதுத்தாப்புல வராத. வெள்ளிக்கெழம கோயில்ல மறுதாலி கட்டட்டும். அதுவரைக்கும் மூலையில கெட."

செத்து வந்தவருக்குத் தீட்டில்லை. சாகாதவளுக்குத் தீட்டு! நல்ல நியாயம், போங்கள்.

பாக்கியலெட்சுமி அவளைத் தாண்டிப் போய்ப் புருஷன் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாள். எல்லோரும் பார்க்க, கண்ணாடி முன் நின்று பெரிதாகப் பொட்டு வைத்தாள்.

"கட்டிக்கலாம் அண்ணி. மொதத் தடவ நீங்கள்லாம் பாத்துக் கட்டி வச்ச மாப்புள. இந்தத் தடவ நான் பாத்துச் சொல்றேன். யோசிக்கணும்."

இராமையா அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுத் தலையைத் தடவிச் சீவிக்கொண்டார்.