டிக்கியில் மறந்த பதினொன்றாம் நம்பர்

பதினான்கு வருஷம் வளர்த்த மரத்தை "திங்கட்கிழமை வெட்டிடுவோம்" என்று ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொன்னால் எப்படி இருக்கும்? துரியான் ஆராய்ச்சித் தோட்டத்து ஆபீசர் தன் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். என்ன செய்ய? சொன்னவர் ருசிக் குழுவின் தலைவர்.

ஆபீசர் ஒரு ரகத்துப் பூவின் மகரந்தத்தை இன்னொரு ரகத்துப் பூவில் தொட்டுவைத்து உண்டாக்கிய கலப்பினங்களில் தேறியவை மூன்றே மூன்று. மூன்றுக்கும் மூன்று குணம். நாலாம் நம்பருக்கு நீண்ட முள், கசப்பும் இனிப்புமான சுளை. ஒரு பழத்தைப் பிளந்தால் போதும், வாசனை தெருவையே கூட்டிவிடும். ஏழாம் நம்பரின் சுளை செக்கச்செவேல், தேனாய் இனிக்கும். ஆனால் விழுந்ததும் வெடித்து மறுநாளே புளித்துப்போகும். பதினொன்றாம் நம்பர் ஊமைப் பிள்ளை. கட்டை முள், சப்பைக் கொட்டை. பழம் தானாக விழாது, காம்போடு அறுத்துத்தான் இறக்க வேண்டும். மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் வாசனை வராது. இருந்ததும் ஒரே ஒரு மரம்.

எந்தப் பழமானாலும் மரத்தை விட்டு வந்த மறுநாள் பிளந்து ருசி பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். யாரும் ஓரவஞ்சனை என்று சொல்லிவிடக் கூடாதே என்று அந்தச் சட்டத்தை எழுதியவரே நம் ஆபீசர்தான்!

"பச்சை உருளைக்கிழங்கைக் கடிச்ச மாதிரி இருக்குங்க" என்றார் தலைவர், வெள்ளிக்கிழமை பதினொன்றாம் நம்பரை ருசி பார்த்துவிட்டு. "மூணு வருஷமா இதே கதைதான். இடத்தைக் காலி பண்ணுங்க, வேற செடி வைக்கலாம்."

மிஞ்சிய கடைசிப் பழத்தைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ஆபீசர் வீட்டுக்குப் போனார். இருந்த மனநிலையில் அதை எடுக்க மறந்தே போனார்.

மறுநாள், தன் வண்டி பழுதானதால், மச்சினி வந்து காரை வாங்கிப் போனாள். மச்சினி என்றால் சும்மாவா? அவள் மூக்குக்கு முன்னால் மோப்ப நாய் தோற்கும். துரியான் வாடையோ அவளுக்கு ஆகவே ஆகாது. ஆபீசர் அவள் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து "அத்தான், முதல்ல குளிச்சிட்டு வாங்க" என்பதுதான் அவள் பேச்சில் பாதி.

திங்கட்கிழமை காலை ரம்பக்காரர் மரத்தைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அத்தான், டிக்கியில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஐயையோ, மறந்துட்டேம்மா! நானே வந்து காரைக் கழுவித் தர்றேன்."

"கழுவ என்ன இருக்கு? மூணு நாளா ஓட்டுறேன், ஒரு வாசமும் இல்லை. இப்ப காய்கறிப் பையை வைக்கத் திறந்தேன், இது லேசா வாயைப் பிளந்துட்டுக் கிடக்கு."

ஆபீசருக்குப் பொறி தட்டியது. மூன்று நாள்! வேறு எந்தத் துரியானாக இருந்தாலும் முதல் நாளே ஊரைக் கூட்டித் தன்னை எடுக்க வைத்திருக்கும். இது வாயைத் திறக்காமல் கிடந்து பழுத்திருக்கிறது. மற்றவை பழுத்து விழுபவை; இதுவோ பறித்த மறுநாள் பழமே இல்லை, காய். பெற்ற பிள்ளையைத் தன் சட்டத்தாலேயே மூன்று வருஷம் தோற்கடித்திருக்கிறார், மனுஷன்!

"சுளையைத் தொட்டுப் பாரும்மா!"

"நானா?" போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "வெண்ணெய் மாதிரி இருக்கு."

"அப்படியே எடுத்துட்டு ஓடி வா. அண்ணே, ரம்பத்தைக் கீழ வைங்க!"

அவள் வந்து சேர்வதற்குள் ஆபீசர் கெஞ்சிக் கூத்தாடித் தலைவரை மரத்தடிக்கு இழுத்து வந்திருந்தார். அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு சுளை.

"மீதி எங்கம்மா?" என்றார் தலைவர்.

"நான்தான் தின்னுட்டேன்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

தலைவர் அந்தச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். கொட்டையையும் சப்பித் துப்பினார். பிறகு ரம்பக்காரரைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க" என்றார்.

ஆபீசர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷம் அந்த மூக்கை எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருப்பார்! மச்சினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்?"

"மரத்துல இன்னும் காய் இருக்கா, அத்தான்?"

"இல்லைம்மா, அதுதான் கடைசி. இனி அடுத்த வருஷம்தான்."

"அதுவரைக்கும் மரம் இருக்குமில்ல?"

"இருக்கும்மா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்னாலதான் இருக்கும்."