தோற்றுப் பழகிய சிங்கம்

ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு அவர் மீன்களை அறுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து நூலில் தொங்கிய காகித மீன்கள். ஒரு கடலையே திருடிக்கொண்டு வந்து மாட்டியதுபோல அத்தனை. முட்டை அட்டையில் முதுகு வைத்தவை, பழைய காலண்டர் தாளில் வால் வைத்தவை, பாட்டில் மூடியைக் கண்ணாக ஒட்டிக்கொண்டு எந்நேரமும் திகைத்துப் பார்ப்பவை. கத்தரி பட்டதும் அவை பொத்தென்று விழவில்லை. அவசரமே இல்லாமல், சுழன்று சுழன்று, யார் மடியில் இறங்கலாம் என்று யோசித்தபடி இறங்கின. ஒன்று, அறையின் நடுவே வைத்திருந்த பெட்டிக்குள் அவருடைய மனைவியின் கைமேல் போய் அமர்ந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியின் அக்கா அதை எடுத்துக் கூடையில் போட்டார்.

"மளமளன்னு கழட்டுங்க மாப்பிள்ளை. ஆளுங்க வர்ற நேரம். சாவு வீடு மாதிரியா இருக்கு? மீன் கண்காட்சி மாதிரி இருக்கு."

"இதோ அக்கா."

அக்கா பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்தவர். அவர் தொண்டையைச் செருமினால் அடுத்த தெருவில் நாய்கள்கூட உயர வரிசையில் நிற்கும். மாப்பிள்ளை அவரிடம் 'இதோ அக்கா' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பேசியதே அபூர்வம்.

வாழ்நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளில் ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கடைசியில் வந்து சேர்ந்த பெட்டியில் ஒரு ஜன்னலும் இல்லை. அவர் அதைக் காலையிலேயே கவனித்துவிட்டார். பெட்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. ஃபிரிட்ஜ் கடையில் வண்டி ஓட்டியவர். இந்த ஊரில் ஐஸ் தண்ணீர் குடிப்பவர்களில் பாதிப் பேர் அவர் தயவில்தான் குடிக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் படியிலிருந்து அவள் முதன்முதலாகப் பேசினாள். "ஃபிரிட்ஜை அவங்களே வச்சுக்கட்டும். பெட்டிய எனக்குத் தருவீங்களா?" தந்தார். அடுத்த வாரம் இன்னொன்று. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் பெட்டிகளோடு அவரும் வந்துவிட்டார்.

வாசலை ஒட்டிய இந்தப் பெரிய அறையில்தான் அவள் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டுப் பள்ளி நடத்தினாள். இங்கே பென்சில் கிடையாது. ஊருக்கு அவள் பெட்டி டீச்சர், பிள்ளைகளுக்கு மிஸ். ஃபிரிட்ஜ் பெட்டி கப்பலாகும், மருத்துவமனையாகும், யானையின் வயிறாகும். கையில் மாட்டிய காலுறைகள் வாய் திறந்து கணக்குச் சொல்லும். ஒருமுறை மேற்பார்வையிட வந்த அக்காவையே அட்டைச் சிறையில் அடைத்து, பாட்டுப் பாடினால்தான் விடுதலை என்று பிள்ளைகள் காவல் நின்றார்கள். அக்கா பாடினார். நடனமும் உண்டு என்று ஒரு பேச்சு இருக்கிறது.

இப்போது கப்பலும் யானையும் பின்கட்டில் குவிந்துகிடந்தன. சுரண்டினாலும் போகாத ஒன்று மட்டும் மிச்சம்: தரையின் குறுக்கே நீலச் சாயத்தில் வரைந்த ஆறு. மிதித்தால் முதலை கடிக்கும். தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல்களில் ஒட்டிய சிவப்பும் பச்சையுமான கண்ணாடித் தாள்களைக் கிழிக்க நேரமில்லாததால், வெயில் வண்ணம் வண்ணமாக உள்ளே வந்து பெட்டிமேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கன்னம் கொஞ்ச நேரம் பச்சையாக இருந்தது, பிறகு ஆரஞ்சு, பிறகு ஏதோ பழத்தின் நிறம்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வங்கி மேலாளர் வந்தார். மழித்த முகம், கறுப்புக் கோட்டு, கையில் பூக்கொத்து. அறைக்குள் நான்கடி நடந்தவர், ஆற்றங்கரை வந்ததும் கால்சட்டையை லேசாகத் தூக்கிக்கொண்டு ஒரே தாவாகத் தாண்டினார். தாண்டியது அவருக்கே தெரியவில்லை. அவருக்குப் பின்னால் தையல்காரர் தாண்டினார், மருந்துக்கடைப் பெண் தாண்டினாள். எல்லாரும் இங்கே விளையாடி வளர்ந்தவர்கள். குனிந்த தலையும் ஈரக் கண்ணுமாக வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் மட்டும் முயல்போல ஒரு குதி குதித்தார்கள்.

அவர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் கை கொடுத்தார். ஆனால் மனம் அங்கே இல்லை. அது நேற்று முன்தினம் சமையலறையில் நின்றுபோயிருந்தது.

அன்று அவர் அடுப்பில் மைதா பசை கிண்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பலூன்மேல் காகிதம் ஒட்டிக் கிரகங்கள் செய்வதாக ஏற்பாடு. அறையில் தூங்குற சிங்கம் ஆட்டம். எல்லாச் சிங்கங்களும் படுக்க வேண்டும். அசைந்தால், சிரித்தால், தும்மினால் அவுட்டு. அவுட்டான சிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் உட்கார வேண்டும். கடைசிவரை அசையாத சிங்கத்துக்குக் கம்பளி நூலில் செய்த பிடரி மயிர் சூட்டுவார்கள். மிஸ்ஸும் கூடவே படுப்பாள். படுத்து, முதல் ஆளாகச் சிரித்துத் தோற்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் ஜெயித்ததில்லை. உலகத்திலேயே இவ்வளவு தோற்ற சிங்கம் வேறு கிடையாது.

சிங்கங்கள் தூங்கும்போது பெரியவர்கள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அதுவும் சட்டம். அவர் மீறியதில்லை. அன்று அறை அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதி. இன்றைக்கு ஆட்டம் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு கரண்டியைச் சுழற்றினார். புகை போக்கும் விசிறி தலைக்குமேல் கடகடவென்று ஓடியது. பசை அடிப்பிடித்த பிறகுதான் அமைதி கொஞ்சம் நீளமோ என்று தோன்றியது.

போய்ப் பார்த்தபோது ஒருத்தியைத் தவிரப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரோரம் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மிஸ். அவளுக்குப் பக்கத்தில் வாலு என்ற வாண்டுப்பெண், இவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். ஆயிரம் பெட்டி தூக்கியவருக்குக் கனத்தைப் பார்த்தே தெரியும்; பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. "வாலு ஜெயிச்சாச்சு," என்று சொல்லி, ஆணியில் தொங்கிய பிடரியை எடுத்து அவள் தலையில் மாட்டி, எல்லாரையும் ரயில் விட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். வலி தெரிந்திருக்காது என்றார். எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார்கள்.

கூப்பிட்டாளா? விசிறிச் சத்தத்தில் தான் கேட்காமல் நின்றுவிட்டோமா? அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பார்த்தவர்கள் எல்லாருக்கும் வயது நாலோ ஐந்தோ. அவர்களிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? அக்கா வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாதென்று.

வந்துவிட்டாள். வாசற்படிக்கு வெளியே, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாலு நின்றாள். இன்னொரு கையில் பிடரி.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றாள் அம்மா. "ரெண்டு நாளா இதே பாட்டு. இதக் குடுத்துட்டு வந்தாத்தான் சாப்பிடுவேன்னு வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"பரவாயில்லம்மா." அவர் படியில் உட்கார்ந்தார். "என்ன வாலு?"

"இது என்னோடது இல்ல, டிரைவர் தாத்தா."

"நான்தானே போட்டுவிட்டேன்?"

"நீங்க தப்பா போட்டுட்டீங்க. நீங்க ஆட்டத்தப் பாக்கவே இல்ல. நான் தும்மிட்டேன்."

"எப்போ?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே. ரெண்டு தும்மல். எந்திரிச்சுச் சுவர்கிட்டப் போகத்தான் மறந்துட்டேன். மிஸ் அசையவே இல்ல. மிஸ்தான் ஜெயிச்சாங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கேட்டுவிட்டார்.

"மிஸ் ஏதாவது சொன்னாங்களாடா? யாரையாவது கூப்பிட்டாங்களா?"

வாலு அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "சிங்கம் தூங்கும்போது பேசுமா?"

"பேசாதுதான்."

"முதல்ல சிரிச்சாங்க. வயிறு மட்டும் குலுங்கிச்சு. நான் பாத்துட்டேன். அவுட்டுன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நின்னுடுச்சு. அப்புறம் ஒரு கண்ண மட்டும் தொறந்து என்னப் பாத்தாங்க. கண்ணடிச்சாங்க. மூடிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஜெயிச்சுட்டாங்க."

அவர் நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையை உரித்தார். அது ஒரு சின்ன ஏடாக வந்தது. அடுத்த விரலையும் உரித்தார். உரிக்க ஒன்றும் இல்லாத விரலையும் உரித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் அக்காவின் செருமல் கேட்டது. "சின்னதுங்கள உள்ள விடாதீங்க மாப்பிள்ளை. ராத்திரி கனாக் கண்டு அலறும்."

"நான் உள்ள வரல," என்றாள் வாலு. "இத மட்டும் மிஸ்ஸுக்குப் போட்டுவிடுங்க." பிடரியை நீட்டினாள். ஃபிரிட்ஜ் பெட்டியின் அட்டையை வளையமாக வெட்டி, ஆரஞ்சுக் கம்பளி நூலும் கிழிந்த துணி நாடாக்களும் ஒட்டியது. உள்பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் 'இந்தப் பக்கம் மேலே' என்ற அச்செழுத்தும் அப்படியே இருந்தன.

"எதுக்கு இது?" என்றார் அக்கா.

"அவளுக்குப் போடத்தான். ஜெயிச்சிருக்கா," என்று அவர் அதை வாங்கிக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை பேசுறீங்க? வங்கி மேனேஜர்லாம் வந்து நிக்கிறாரு. பாத்தா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே அக்கா," என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அக்காவிடம் அவர் எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம். சொல்லிவிட்டு உள்ளே போய், ஆற்றைத் தாண்டி, பெட்டியருகே குனிந்தார்.

பிள்ளைகளின் தலைக்குச் செய்தது, சிறியதாக இருந்தது. முகத்தைச் சுற்றிச் சாய்த்துத்தான் வைக்க முடிந்தது. கம்பளி நூல்கள் நெற்றியில் விழுந்தன. தொங்கிக்கொண்டிருந்த மிச்ச மீன்கள் மெல்லத் திரும்பி, மூடிக் கண்களால் பார்த்தன.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். பிடுங்கி எறியப் போகிறார் என்று வங்கி மேலாளரே ஓர் அடி பின்வாங்கினார்.

"கோணலா இருக்கு," என்றார் அக்கா. இரண்டு கையாலும் பிடரியை நேராக்கினார். நெற்றியில் விழுந்த நூல்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். வேலை முடிந்த பிறகும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னார்: "மீதி மீன் இருக்கட்டும் மாப்பிள்ளை. ஏணிய எடுத்து உள்ள போட்டுடுங்க."

வண்டி வந்தது. பெட்டியைத் தூக்க வங்கி மேலாளரும் தையல்காரரும் இன்னும் சிலரும் முன்வந்தார்கள். அறையை விட்டுத் திரும்பும் இடம் குறுகல். எத்தனையோ பெட்டியை அந்த வழியாக நுழைத்தவர் என்பதால், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அவரே முன்னால் நின்று சொன்னார். ஆற்றங்கரை வந்தது. யாரும் சொல்லவில்லை. தூக்கியவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கால் தூக்கித் தாண்டினார்கள். பெட்டி எழும்பி, ஒரு கணம் யார் தோளிலும் இல்லாததுபோல மிதந்து, அக்கரையில் இறங்கியது.

வெளியே, மூடாத பெட்டியை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தியாயிற்று. தெருவோரத்தில் வாலு இன்னும் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

அவர் அருகே போனார். "இன்னும் என்ன? குடுத்தாச்சு, போட்டாச்சு. நீ போய்ச் சாப்பிடு."

விரலிடுக்கு வழியாகப் பேசினாள். "ஜெயிச்ச சிங்கம் கர்ஜிக்கணும் தாத்தா. அதுவரைக்கும் ஆட்டம் முடியாது. அவுட்டானவங்க வாயத் தொறக்கக் கூடாது."

அவர் வண்டியைப் பார்த்தார். பழைய வண்டி. முன்பக்கம் துருப்பிடித்திருந்தது. இந்த ரகம் அவருக்குத் தெரியும்.

வண்டிக்காரனின் ஜன்னலைத் தட்டினார். "தம்பி, கொஞ்சம் இறங்குப்பா. ஸ்டார்ட் மட்டும் நான் பண்றேன்."

"எதுக்கு சார்?"

"சும்மாதான்."

வண்டிக்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா வேறு எங்கோ பார்த்தபடி லேசாகத் தலையை அசைத்தார். அவன் இறங்கினான்.

அவர் ஏறி உட்கார்ந்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, குலுங்கியது. அவர் மிதியைத் தரை தட்ட அழுத்தினார். தெரு முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன, மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே போர்வையாகக் கிளம்பிப் போயின, துக்கத்துக்கு வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அவர் காலை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால், பெட்டிக்குள் ஆரஞ்சு நூல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பிறகு மெல்ல மெல்லக் காலை எடுத்தார்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் வாலு தெரிந்தாள். வாயிலிருந்து கைகளை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். பிறகு அம்மாவுக்கு முன்னால், சுவரைத் தொட்டுக்கொண்டே, ஒற்றைக் காலில் தாவித் தாவி வீட்டுக்குப் போனாள்.