அடுப்போர பெஞ்சுக்கு மூன்று ஜோடி

இப்போதெல்லாம் மனுஷனுக்குப் பனியில் சறுக்க ஒரு ஜோடி ஸ்கீ பலகை போதவில்லை. காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, புதுப்பனிக்கு ஒன்று என்று செருப்பு மாற்றுவதைப்போல மாற்றுகிறார்கள். வெளியே என்ன பனி என்று கதவைத் திறந்து பார்ப்பதுகூட இல்லை. போனைத் தடவுகிறார்கள். வென்டலினுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவரிடம் இருந்தது ஒரே ஜோடி. ஒல்லிக்குச்சி, விளிம்பு மட்டும் கசாப்புக் கத்தி.

பருவத்தின் கடைசி நாள், அறுபதைத் தாண்டியவர்கள் மலை உச்சியிலிருந்து கீழே எல்லாரும் கூடிச் சாப்பிடும் குடில்வரை சறுக்கி வருவது ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் இருந்த அந்த ஊரின் வழக்கம். முதலில் வருகிறவருக்கு அன்றிலிருந்து அடுத்த குளிர்காலம் முடியும்வரை குடிலின் அடுப்போர பெஞ்சு. தோற்றவர்களுக்கு ஜன்னலோரக் குளிர்காற்று. வென்டலினின் இடுப்பு அந்த அடுப்பை நம்பித்தான் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை மாட்டுக்கொட்டில் பின்னால் போய்ப் பனியைக் குதிகாலால் உதைத்தார். கல் மாதிரி இருந்தது. போதும். வேறு யாரையும் கேட்கவில்லை.

ஆனால் பலகைக் கடை வழியாகத்தான் உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் போகவேண்டும். கடைக்காரி கிரெஷென்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"பெரியவரே, மேல ஐஸு, கீழ வெயில்ல கூழாயிடும். ஒல்லி முங்கிடும், அகலம் வழுக்கிடும். நடுத்தரமா ஒண்ணு எடுத்துக்குங்க."

"விக்கிறவ வேற என்ன சொல்லுவே?"

"விக்கல. சும்மா தரேன்."

"சும்மா தர்றவங்களத்தாம்மா நான் நம்பவே மாட்டேன்."

"சரி. எனக்கும் அறுபது தாண்டிடுச்சு, அந்த நடுத்தரத்துல நானே வரேன்."

மேலே அவருடைய மனைவியின் தம்பி கஸ்ஸியன் புத்தம்புதிய அகலப் பலகைகளோடு நின்றான்.

"என்ன மச்சான், கதவக் கழட்டிட்டு வந்துட்டியா?"

"நீங்க பல்குச்சில வந்திருக்கீங்களே, அதுக்கு இது தேவல!"

புறப்பட்ட உடனே நிழல் சரிவு, பனி கண்ணாடி. கஸ்ஸியனின் கதவுகள் கடகடவென்று ஆடி அவனைப் பிட்டத்தில் உட்கார வைத்தன. வென்டலின் சிரித்துக்கொண்டே கீறிப் பாய்ந்தார். அடுப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது அவருக்கு.

மரங்கள் முடிந்தன. வெயில். குழைந்த சோற்றில் கத்தி இறங்குகிற மாதிரி பலகை இறங்கியது; முழங்கால்வரை புதைந்து நின்றுவிட்டார். பின்னால் வந்த கஸ்ஸியன் அவர்மேலேயே மோதினான்.

"வழிய விடுங்க அத்தான்!"

"வழி இருந்தா நான் போயிருக்க மாட்டனாடா!"

இருவரும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கையில் கிரெஷென்ஸ் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பக்கவாட்டில் போனாள். அவசரமே படவில்லை.

அவர்கள் குடிலுக்குள் நுழைந்தபோது அவள் அடுப்போர பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் காயவைத்தபடி, மாவுருண்டை சூப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது இதைப் பாருங்க பெரியவரே."

வென்டலின் அவள் பலகையைத் தூக்கினார், வளைத்தார், சுவரில் சாய்த்தார்.

"ஐஸுக்கும் முழுசா ஆகாது, கூழுக்கும் முழுசா ஆகாது. ரெண்டுங்கெட்டான்."

"முதல்ல வந்துச்சே!"

"அது பலகையாலயா? வெயில் என்னைக் கவுத்துடுச்சு."

ஜன்னலோரம் உட்கார அவருக்கு மனசில்லை. ஒல்லிப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கொட்டில் பின்னால் போய் ஓர் உதை விட்டார். வெயிலே எட்டாத இடம். பனி இன்னும் கல்.

"நான் சொன்னது சரிதான்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.