வாயில்லாத குப்பி

1.
இந்தக் கதை எனக்கு வசவாகத்தான் கிடைத்தது. கண்ணாடிக்குப் பேர்போன பழைய சீதோன் துறைமுகக் கடைத்தெருவில் ஒருத்தி கத்தினாள்:

"உன் குப்பியில ஊத்தின அல்லித் தைலத்துல பாதிய கப்பல்தாண்டி குடிச்சுது!"

முகம் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை.

2.
முதல் தொடக்கம்: 'விடியலில் கடல் செம்பாய் உருகி...' (வேண்டாம். இந்தச் சண்டையில் கடலுக்கு என்ன வேலை?)

கத்தியவள் பத்னோவாம் என்ற தைலக்காரி. வாங்கிக் கட்டிக்கொண்டவள் அரிஷாத், கண்ணாடி ஊதுகிறவள். கணவன் இறந்தபின் உலை கொழுந்தன் மத்தானுடையது.

"இன்னொரு குப்பி கசிஞ்சா உலைப்பக்கம் வராதீங்க அண்ணி. மாவு பிசையப் போங்க."

"கசியறது அடைப்புலதான், தம்பி. அடைப்பே வேண்டாத குப்பி ஊதுறேன்."

"வாயில்லாத குப்பியா? உங்க வாயில பாதிய அதுக்குக் குடுங்க!"

(மத்தானைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. கசிந்ததற்கெல்லாம் ஊரிடம் திட்டு வாங்கியவன் அவன்.)

3.
அரிஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு... [இல்லை. உலையருகே கண்ணீர் எங்கே நிற்கும்?]

அவள் ஊதியது குருவி வடிவில் ஒரு குப்பி. வால், மெல்லிய குழல். அதன் வழியே தைலம் விட்டு, நுனியைத் தீயில் உருக்கி மூட வேண்டும். முதல் குருவி வெடித்தது.

"மாவு காத்திருக்கு, அண்ணி!"

"கழுத்துவரைக்கும் ஊத்திட்டேன். சூட்டுல அதுக்கும் மூச்சுவிட இடம் வேணுமில்ல?"

அடுத்ததில் பாதி வயிறு காலி. உடம்பைச் சுற்றி ஈரத்துணி. வால் நுனி மட்டும் தீயில். மூடிக்கொண்டது.

4.
பத்னோவாம் குருவியை வெள்ளைத்துணியில் சுற்றி, தலைகீழாகக் கூடையில் வைத்து, அடுத்த துறைமுகமான தீருவுக்குப் போய்த் திரும்பும் படகில் ஏற்றினாள். திரும்பி வந்ததும் தெரு கூடிவிட்டது. துணியை விரித்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"மோந்து பாருங்க, தம்பி."

"வெங்காய வாசனை வருதே!"

"அது உங்க கை!"

தெரு அதிரச் சிரித்தது. மத்தானும் சிரித்தான். மேல்துணியை இடுப்பில் செருகிக்கொண்டு துருத்தியருகே உட்கார்ந்தான்.

"இனி நான் காத்தடிக்கிறேன். உலை உங்க பேச்சைக் கேக்கட்டும், அண்ணி."

5.
இங்கேயே முடித்திருப்பேன். பத்னோவாம் விடவில்லை.

"எல்லாஞ் சரி. இத எப்படிடி தொறக்கறது?"

"வால ஒடிக்கணும், அக்கா."

"அப்புறம் மூட?"

"முடியாது. புதுசு வாங்கணும்."

"அடி கள்ளி!"

ஒரு முடிவில் பத்னோவாம் வாலை ஒடிக்கிறாள். மீன்நாற்றம் தோற்று, தெருவெல்லாம் அல்லி மணக்கிறது. இன்னொன்றில் மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். எதையும் நான் எழுதப்போவதில்லை. குருவி இப்போது உங்கள் உள்ளங்கையில். ஒடிப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் பாடு.

எப்படியானாலும் அரிஷாத் காத்திருக்க மாட்டாள். அடுத்த குருவியை ஊத ஆரம்பித்துவிட்டாள்.