விட்டுக்கொடுத்த ஆட்டம்

முற்றத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். பாதாம் மரத்தடிப் பெஞ்சின் ஒரு முனையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோபினா எசில்ஃபி, மறுமுனையில் தையற்காரர் ஜோஜோ, நடுவே பல்லாங்குழி போலக் குழிகளில் காய் நிரப்பிய ஓவாரேப் பலகை. பக்கத்து முக்காலியில் மீன்காரி மென்சிமா. அடுக்களை வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு எசில்ஃபியின் மகள் அராபா.

ஆட்டம் வீடு தேடி வந்த கதை இது. எசில்ஃபி தினமும் சாயங்காலம் லாரி நிலையத்தில் ஓவாரே ஆடுவார். அந்தப் பலகையின் முன்னால் வயதும் பதவியும் செல்லாது. வென்றவர் தோற்றவரைக் கிண்டலடிப்பதும், சுற்றி நிற்பவர்கள் கத்துவதும் ஆட்டத்தில் சேர்த்தி. ஈஸ்டருக்கு டகோராடியிலிருந்து வந்த மகன் ஃபீஃபி அதைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இந்த வயசுல டிரைவருங்ககிட்டப் பேச்சு வாங்கணுமாக்கா? வீட்டுல மரியாதையா உக்காரச் சொல்லு."

அராபாவுக்கும் அது சரியென்றே பட்டது. நல்ல சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள்.

அதில் உட்கார்ந்தவர் மெல்ல மெல்ல அடங்கிப்போனார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. புளித்த சோள மாவு உருண்டையான கெங்கேயை ஒரு வாய் பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். மருத்துவமனையில் நோய் ஒன்றுமில்லை என்றார்கள். "முன்னாடியெல்லாம் சாயங்காலம் என்ன செய்வாரு?" என்று மட்டும் நர்ஸ் கேட்டாள். அந்தக் கேள்வி அராபாவை உறுத்தியது. ஆட்டக்காரர்களை வீட்டுக்கே கூப்பிட்டாள். ஆனால் வாசலிலேயே நிறுத்தி, "அப்பா தளர்ந்துபோயிருக்காரு. பாத்துப் பதவிசாப் பேசுங்க" என்று சொல்லியும் வைத்தாள்.

சொன்னபடியே நடந்துகொண்டார்கள். வாரிக்கொள்ளத் தோதாகக் காய்கள் கிடந்தும் ஜோஜோ வேறு குழியை எடுத்து ஆடினார். "ஐயா ஆட்டம்னா ஆட்டந்தான்" என்றார். மென்சிமா வாயே திறக்கவில்லை.

எசில்ஃபி பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா அராபா, நான் செத்துட்டேனா?"

"அப்பா! என்ன பேச்சு இது?"

"பொணத்தைத்தான் யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க. இந்த ஜோஜோ இத்தன வருசத்துல எனக்கு ஒத்தக் காய் விட்டதில்ல. இன்னிக்குப் பிச்ச போடுறான். போகச் சொல்லு."

அராபா வாசலிலிருந்து எழுந்தாள். மரத்தடிக்கு வந்தாள். "ஜோஜோ அண்ணே, நான் சொன்னது தப்பு. எப்பவும் ஆடுற மாதிரியே ஆடுங்க. பேசுற மாதிரியே பேசுங்க."

"அப்பாடா! நாக்கு துருப்பிடிச்சே போயிருக்கும்" என்றாள் மென்சிமா. "யோவ் வாத்தியாரே, ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்தீரே, கண்ணு முன்னால கெடக்குற காய எண்ண வரலையா?"

"மீன எண்ணும்போது ரெண்ட முழுங்குறவ நீ. பேசாத!" என்றார் எசில்ஃபி. முதுகு நிமிர்ந்திருந்தது.

ஜோஜோ இரண்டு குழிகளை வழித்து வாரினார். "தூக்கத்துலயே ஆடுறீரா பெரிசு? எந்திரிச்சு எடத்த விடும்!"

"எந்திரிக்க முடியாதுடா. காயைப் பரப்பு!"

எசில்ஃபி தோற்றார். மறுபடியும் தோற்றார். மறுபடியும் காய் பரப்பும்போது, "அராபா, பசிக்குதும்மா. மீன் இருக்கா?" என்றார்.

விளக்கேற்றுவதற்கு முன்பே அராபா தம்பிக்கு எழுத உட்கார்ந்தாள்.

'அன்புள்ள ஃபீஃபி, அப்பா இன்று ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றார். வயிறாரச் சாப்பிட்டார். மரியாதை என்று சொல்லி நாம் அவரை மனிதர்களிடமிருந்து பிரித்து வைத்துவிட்டோம், தம்பி. சோறும் மருந்தும் போல, வயதானவர்களுக்கு விளையாட்டும் வேண்டும். அதுவும் தங்களைச் சமமாக நினைத்து மோதுகிறவர்களோடு வேண்டும். நாளையிலிருந்து அப்பா லாரி நிலையத்துக்குப் போகிறார். அடுத்தமுறை வரும்போது நீயும் அவர் எதிரே உட்கார். விட்டுக் கொடுக்காதே.'

மறுநாள் அப்பாவை லாரி நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உறையின் ஓரத்தை நாவால் நனைத்து அழுத்தி ஒட்டி, டகோராடிக்குப் புறப்பட்ட வண்டியின் டிரைவர் கையில் கொடுத்தாள்.