குட்டைக் கயிறு

பாறையடியில் இருந்தவர்கள் மூன்று பேர்: மருந்துக்கடையில் பில் போடும் பல்லி, அவன் மனைவி, அவளுடைய தம்பி. ஜிம் டிரெய்னரும் வருவார் என்று பல்லி வீட்டில் சொல்லியிருந்தான். உண்மையில் அவரைக் கூப்பிடவே இல்லை.

பல்லி என்பது ஜிம்மில் வைத்த பெயர். அங்கே செயற்கைச் சுவரில் அப்படி ஒட்டிக்கொண்டு ஏறுவான். மஞ்சள், பச்சை என்று பிடிகளுக்கு நிறம் உண்டு. கீழே மெத்தை உண்டு. பாறைக்கு ஒரே நிறம்தான். எது பிடி, எது வெறும் மேடு என்று தடவித் தடவி, யாரோ எப்போதோ அடித்துவைத்த இரும்பு வளையங்களில் கொக்கி போட்டுக் கயிற்றை மாட்டி, ஒருவழியாக உச்சி வளையத்தை எட்டிவிட்டான்.

"இறக்கு மாப்ள" என்றான்.

மச்சான் கீழிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே வந்தான். பாதிக்கு மேல் இறங்கியாகிவிட்டது. சட்டென்று நின்றது.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"கயிறு முடிஞ்சுபோச்சு மாமா."

"முடிஞ்சுபோச்சுன்னா?"

"முனை கையில இருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டா அதுவும் கையை விட்டுப் போயிடும்."

அது ஜிம்மில் கழித்துப்போட்ட கயிறு. முனை நையும்போதெல்லாம் வெட்டி வெட்டிக் குட்டையானது. பல்லி, மச்சான் இருவர் கண் முன்னால்தான் வெட்டினார்கள். ஆனால் ஜிம் சுவருக்கு அது எப்போதும் போதுமானதாக இருந்ததால், பாறைக்குப் போதுமா என்று இருவருக்கும் தோன்றவில்லை. முனையில் முடிச்சு போடவும் தோன்றவில்லை. மனைவிதான் எழுந்துவந்து முனையைப் பிடுங்கி, முஷ்டி அளவுக்கு ஒரு முடிச்சு போட்டாள்.

"அந்த டிரெய்னர் எப்ப வருவாரு?"

மச்சான் தரையைப் பார்த்தான்.

"வரமாட்டாரு" என்றான் பல்லி, மேலே தொங்கியபடி.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

கீழே இரண்டு மாடி ஆழத்தில் உடைந்த பாறைகள். ஃபோனில் சிக்னல் இல்லை. கயிறு கட்டிய இடுப்புவாரின் பட்டை தொடையை அறுத்து, கால்கள் மரத்துக்கொண்டு வந்தன. முகத்துக்கு நேரே ஒரு வளையம் இருந்தது. அதில் தன்னை மாட்டிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து அதே வளையத்தில் கோத்து, மறுபடி கட்டிக்கொண்டால் கயிறு போதும். வீடியோவில் பார்த்திருக்கிறான். தரையைத் தொடும்வரை இடுப்பு முடிச்சைத் தொடாதே என்பது ஜிம்மில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். கொக்கியை மாட்டினான். முடிச்சை அவிழ்த்தான். வியர்த்த விரல்களிலிருந்து கயிறு நழுவியது. மறுபக்கத்து எடை இழுக்க, சரசரவென்று உச்சிவரை ஏறி, வளையத்தைத் தாண்டி, மச்சான் காலடியில் பொத்தென்று விழுந்தது.

இப்போது அவனுக்கு ஒரு வளையம், ஒரு கொக்கி. வேறு எதுவும் இல்லை.

"மாமா, நான் ஏறி வர்றேன்."

"வாயை மூடு" என்றாள் அக்கா. "நீயும் அங்க போய் மாட்டிக்கிட்டா நான் யாரைப் போய்க் கூப்பிடறது?"

கயிற்று முனையில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி வீசினாள். திரும்பி வந்து அவள் தோளில் அடித்தது. மறுபடி வீசினாள். அவன் ஒரு கையால் பாறையைப் பிடித்து மறு கையை நீட்டினான். எட்டவில்லை. அவன் எக்கும்போதெல்லாம் துருப்பிடித்த வளையம் கல்லுக்குள் லேசாகத் திரும்பியது. அதன் சத்தம் அவன் பல்லுக்குள் கேட்டது.

"கையை நல்லா நீட்டுங்க. ஃபோட்டோ எடுக்கிறப்போ நீட்டுவீங்கள்ல, அப்படி."

"முடியலடி. வளையம் ஆடுது."

"ஆடட்டும். நீட்டுங்க."

எத்தனை தடவை வீசினாளோ. அவளுக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். விழுந்தால் உடனே போய்விட வேண்டும், பாதியில் கிடந்து இழுக்கக் கூடாது என்று பல்லி நினைக்கத் தொடங்கியபோது பாட்டில் வந்து அவன் அக்குளில் இடித்தது. கையை இறுக்கினான். கயிற்றைப் பல்லால் கடித்தான். பாட்டிலை அவிழ்த்து இடுப்புவாரில் செருகி, கயிற்றை வளையத்தில் கோத்து, கட்டி, முடிச்சை இழுத்துப் பார்க்கும்வரை கடித்த வாயைத் திறக்கவே இல்லை. பிறகு கொக்கியைக் கழற்றினான். மச்சான் அங்குலம் அங்குலமாக இறக்கினான். வளையம் தாங்கியது.

தரையில் கால் பட்டதும் மடங்கி உட்கார்ந்தான். வாயோரம் ரத்தம். மனைவி கிட்டே வந்து பாட்டிலை உருவி, திறந்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள். அவனுக்கு ஒரு மடக்கு வைக்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்து நின்றது. வீட்டு வாசலில் அவள் சாவி போட்டுத் திறந்து உள்ளே போனாள். பல்லி குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கப் பார்த்தான். விரல் மடங்கவில்லை.

"நீ வா" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, மாமா..."

"உன்னைத்தான்டா சொன்னேன். வா."

மச்சான் மாமாவைப் பார்க்காமல் அவனைத் தாண்டி உள்ளே போனான். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு திரும்பியது. பிறகு மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.