வேலியைத் தாண்டிய உள்ளங்கை

அன்று காலை பத்து மணிக்கு வேலியருகே இருந்தவர்கள்:

இந்தப் பக்கம், பேரரசரின் எல்லைக் காவல் படையில், கேப்டன் ஓஸ்தோயா வுகேலிச். தனிமைக் கொட்டடியின் டாக்டர் ஹுருஷ்கா. சார்ஜென்ட் பாயோ. துப்பாக்கியோடு கார்ப்பரல் கிலிகோ.

அந்தப் பக்கம், ஊனா ஆற்றைப் படகில் கடந்து வந்த, துருக்கி ஆட்சிப் பகுதியின் ஜமீன்தார் ஜுல்ஃபோ பெக். அவருடைய படகுக்காரன்.

எதிர்க்கரையில் பதினாலு மாடுகள். பிரச்சினையே அவைதான்.

வசந்தத்தில் இந்தக் கரையிலிருந்து திருடு போன மாடுகள் அவை. அதற்குப் பதிலடியாக இந்தக் கரைக்காரர்கள் அங்கே ஒரு வைக்கோல் களத்தைக் கொளுத்தினார்கள். அங்கிருந்து இரண்டு குண்டுகள் வந்தன. கோடை முடிவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று கேப்டன் நாலு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பதினாறு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். இத்தாலியில் இரண்டு வருடம் சண்டை போட்டார், தொடையில் ஒரு குண்டு வாங்கினார். அதற்கப்புறம் முழுக்க இந்த ஆற்றங்கரைதான். கொள்ளைநோய் அந்தப் பக்கத்திலிருந்து வராமல் பார்ப்பது வேலை. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. நிற்க வேண்டும், யாரும் தொடாமல் பார்க்க வேண்டும்.

மேலங்கிப் பையில் உத்தரவு இருந்தது. மேஜர் பதவி, கோஸ்பிச் நகரத்தில். வெள்ளிக்கிழமை அங்கே போய் நிற்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். மனைவி யெல்கா ஏற்கெனவே அங்கே வீடு பார்த்து அடுப்பு போட்டாயிற்று. இன்று புதன்.

இரண்டு வேலிகள். நடுவே ஒன்றரை தப்படி இடைவெளி. கடிதம் வந்தால் இடுக்கியால் வாங்கிக் கந்தகப் புகை காட்டுவார்கள். காசு வந்தால் வினிகர்க் கிண்ணத்தில் விழும். பேச்சு முடிந்தால் ஊர் வழக்கப்படி கையில் கை அடிக்க முடியாது. அவரவர் வேலிக்கட்டையை அவரவர் தட்டிக்கொள்வார்கள். பதினெட்டு வருடமாக கேப்டனும் ஜுல்ஃபோ பெக்கும் அப்படித்தான் கட்டையைத் தட்டி வந்தார்கள்.

"பதினாலும் வந்துடுச்சு, எண்ணிக்கோ," என்றார் பெக். "ஒண்ணு நொண்டுது. அது உங்க ஊர்லயே நொண்டுன மாடு."

"உங்க ஆளுங்க ஓட்டின ஓட்டத்துல நொண்டியிருக்கும்."

"எரிஞ்ச வைக்கோல நான் கேட்டேனா? கேக்கல. நொண்டிய விடு, ஓஸ்தோயா. வெள்ளிக்கிழம நீ போயிடுவ. உனக்கப்புறம் வர்றவன் எப்படிப்பட்டவனோ. உன்ன மாதிரி திட்டத் தெரிஞ்சவனா இருக்கணும்."

"உன்னப் பார்த்தா யாருக்கும் திட்டத் தானா வந்துடும்."

பெக் சிரித்தார். முகம் சிவந்திருந்தது. வெயில் என்று கேப்டன் நினைத்தார். "முடிஞ்சுதா?" என்று பெக் கையை நீட்டினார். "முடிஞ்சுது," என்று கேப்டன் ஓங்கி அடித்தார்.

கட்டையில் இல்லை. கையில்.

சத்தம் கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பெக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். படகுக்காரன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வெயில்தான்," என்றார் பெக், யாரும் கேட்காமலே. படகை நோக்கி நடந்தார். பாதி வழியில் தடுமாறினார். படகுக்காரன் தோளைக் கொடுக்க, அதில் சாய்ந்தபடியே ஏறினார்.

பாயோதான் முதலில் பேசினான். "கட்டைய அடிச்சீங்கய்யா. நான் பார்த்தேன். டாக்டரய்யா, நீங்களும் பார்த்தீங்க, இல்ல?"

"கண்ணாடி துடைச்சிக்கிட்டிருந்தேன்," என்றார் டாக்டர். அப்படியே இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம்.

கிலிகோ துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

கேப்டனுக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் கிலிகோவின் தம்பி தனாசி ஒரு கம்பளி வியாபாரியிடம் கைநீட்டிப் புகையிலை வாங்கினான். தொட்டவர்களைப் பூட்டக் கொட்டடியில் ஒரே அறைதான். அதில் ஏற்கெனவே ஒருவன் காய்ச்சலோடு கிடந்தான். வெளியே கூரைக்கடியில் தனியாகப் படுக்க வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சட்டம் என்றார் கேப்டன். இருபது நாள் என்றார். பதினோராம் நாள் தனாசி செத்தான்.

"விரல் நுனிதான் பட்டுச்சு," என்றார் கேப்டன். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"எங்க தனாசியும் விரல் நுனின்னுதான் சொன்னான்," என்றான் கிலிகோ. "நோய் விரல எண்ணாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"கிலிகோ, யார்கிட்ட பேசுற?" பாயோ சீறினான். "துப்பாக்கியத் தோள்ல மாட்டு!"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல கேப்டன் சட்டத்தப் படிப்பாரே. தொட்டவன் யாரா இருந்தாலும்னு. நாங்க தொப்பியக் கழட்டிட்டுக் கேட்டோமே. யாரா இருந்தாலும்னா யாரு சார்ஜென்ட்?"

கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாயோ அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவான். டாக்டர் எதையும் எழுத மாட்டார். குதிரை சேணத்தோடு நின்றது. வியாழன் இரவுக்குள் கோஸ்பிச். கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. உள்ளங்கை மட்டும் அடங்கவில்லை. பெக்கின் கை சுட்டிருந்தது. வெயிலில் கிடந்த கல்லின் சூடு அது இல்லை. அந்த ஒரு விஷயம் இந்தக் கரையில் வேறு யாருக்கும் தெரியாது.

"குதிரையக் கொண்டா," என்றார்.

பாயோ கடிவாளத்தைப் பிடித்து இழுத்து வந்தான். "அவன நான் பார்த்துக்கறேன்யா. நீங்க ஏறுங்க." இத்தாலியில் வாங்கிய குண்டுக்குப் பிறகு கேப்டன் தானாக ஏறியதில்லை. பாயோ வழக்கம்போல முழங்கையைத் தாங்கக் கையை நீட்டினான்.

கேப்டன் சட்டென்று இரண்டு அடி பின்னால் போனார். "தொடாதடா!"

பாயோவின் கை அந்தரத்தில் நின்றது.

எதிர்க்கரையில் ஒரு மாடு கத்தியது. பாயோ தன் கையையும் கேப்டனையும் மாறி மாறிப் பார்த்தான். கிலிகோ துப்பாக்கியை இன்னும் தோளில் ஏற்றவில்லை. டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அவன் கை சுட்டுது டாக்டர்," என்றார் கேப்டன். "நல்லா சுட்டுது."

"எவ்வளவு?"

"தனாசி நெத்தியத் தொட்டீங்கல்ல, கடைசியா. அவ்வளவு இருக்கும்."

"நான் தொடல," என்றார் டாக்டர். "யாரும் தொடல. கொக்கியாலதான் இழுத்தோம்."

கேப்டன் வாளைக் கழற்றினார். கொடுக்கப் போய் நிறுத்தினார். இனி அதையும் யாரும் வாங்க முடியாது. தரையில் வைத்தார். பையிலிருந்த உத்தரவை எடுத்து அதன்மேல் வைத்தார். "இதுக்குப் புகை போட்டு கோஸ்பிச்சுக்கு அனுப்புங்க. அடுத்தவன் பேரு அவங்ககிட்ட இருக்கும். யெல்காவுக்கு டாக்டர் எழுதட்டும். இருபது நாள்னு மட்டும் எழுதுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்."

"மேல இருக்கறவங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"நடந்தத எழுதுங்க."

பாயோவுக்குக் கோபம் வந்தது. "பைத்தியமாய்யா உங்களுக்கு? அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சே ஒரு மாசம்தான் ஆச்சு. வைக்கோல்கூட மாத்தல!"

"மாத்தச் சொல்லி நான் உத்தரவு போடல," என்றார் கேப்டன்.

கொட்டடிவரை அறுபது தப்படி. கேப்டன் முன்னால் நடந்தார். பத்தடி பின்னால் கிலிகோ. பாயோ வரவில்லை, குதிரையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுண்ணாம்பு வாடை, அதற்கடியில் வேறு வாடை. ஒரு மரக்கட்டில், பழைய வைக்கோல், மேலே கை நுழையாத ஜன்னல். சுவரில் யாரோ நகத்தால் கீறியிருந்த கோடுகள் சுண்ணாம்பை மீறித் தெரிந்தன. கேப்டன் எண்ணினார். பதினொன்று.

வாசற்படியைத் தாண்டித் திரும்பினார். "சாவிய டாக்டர்கிட்ட குடு. அவர் பூட்டட்டும்."

"தனாசிய நீங்க என்னத்தான பூட்டச் சொன்னீங்க," என்றான் கிலிகோ. "எனக்கு இந்தப் பூட்டு பழக்கம்."

சண்டை மாதிரி சொல்லவில்லை. சும்மா சொன்னான். கேப்டன் தலையாட்டினார். போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

கிலிகோ துப்பாக்கிக் கட்டையால் கதவைத் தள்ளிச் சாத்தினான். துருப்பிடித்த பூட்டு ஒருமுறை சிக்கியது. பிறகு சாவி இரண்டு சுற்று சுற்றியது.